வண்டியில் ஏறாத மெக்கானிக்

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அவர்களுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பேன். எனக்கும் அவளுக்கும் அப்படி ஒரு ஏழாம் பொருத்தம். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிட நாலு வயது சின்னவள். பழைய கார்களின் எஞ்சினைப் பிரித்து, தேய்த்து, மாற்றிக் கட்டி, முன்பைவிட வேகமாக ஓட வைப்பது அவளுடைய தொழில். பட்டறைப் பக்கம் அவளுக்கு ஸ்பானர் அக்கா என்று பெயர்.

கல்யாணமான முதல் மாதமே அவள் என் தையல் மெஷினில் கைவைத்தாள். மோட்டார் வைத்த மெஷின், என் அம்மா கொடுத்தது. நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விட்டுத் திரும்புவதற்குள் அதைப் பிரித்து, சக்கரத்தை மாற்றி, பெல்ட்டை மாற்றி வைத்திருந்தாள். விஷயம் தெரியாமல் உட்கார்ந்து காலை அழுத்தினேன். நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கைக்கும் கழுத்துக்கும் சேர்த்து நேர்கோடாக ஒரே தையல். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "முன்னைக்கு ரெண்டு மடங்கு வேகம் அண்ணி" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். வேகம் வேண்டும் என்று நான் கேட்டேனா? அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் பொருள் எதையும் அவள் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். பதினொரு வருஷம் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

இத்தனைக்கும் அவளைக் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் உதிரிபாகக் கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். கடைக்கு வருகிறவர்கள் பொருளின் பெயர் தெரியாமல், வண்டி எப்படிச் சத்தம் போடுகிறது என்று வாயாலேயே செய்து காட்டுவார்கள். கேட்டுக் கேட்டு, இந்தச் சத்தத்துக்கு இந்த வால்வு, அந்தச் சத்தத்துக்கு அந்த பேரிங் என்று அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. இருபத்தாறு வயதில் இரும்பு கடையும் ஒரு பழைய லேத் மெஷினை வாங்கி, வெல்டர் ஒருவருடைய கொட்டகையில் பாதியை வாடகைக்கு எடுத்தாள். கொட்டகையின் நடுவில் சுவர் கிடையாது, தரையில் ஒரு மஞ்சள் கோடுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெல்டரின் தீப்பொறி, இந்தப் பக்கம் இவளுடைய எண்ணெய். மேலே தகரக்கூரைக்கு அடியில் ஒரு சின்ன அறையில்தான் அவள் குடியிருப்பு.

அவளுடைய புகழுக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வேலை முடிந்த வண்டியில் அவள் ஏறிப் பார்க்கவே மாட்டாள். வண்டிக்காரரையே புறவழிச்சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வண்டி அவளைக் கடந்து போகும், திரும்பி வரும். "ரெண்டாவது சிலிண்டர்ல பெட்ரோல் கம்மி" என்பாள். திறந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும். "அக்கா ஏற வேண்டியதே இல்ல, நின்னு கேட்டாப் போதும்" என்று பட்டறைக்கு வரும் பையன்கள் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தார்கள்.

உண்மை வேறு. அது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு வண்டி ஒத்துக்காது. நேரான சாலையிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்தால் முகம் வெளுத்துவிடும். வளைவு வந்தால் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். சின்ன வயதில் குடும்பத்தோடு எங்கே போனாலும் அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் மடியில் ஒரு பையும் இருக்குமாம். எங்கே போவதானாலும் சைக்கிள், இல்லாவிட்டால் நடை. கார் எஞ்சின் மெக்கானிக்குக் காரில் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? அந்த ரகசியத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் நண்பர்களிடம்கூட மூச்சு விட்டதில்லை. சண்டைக்காரி நானே விட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆன சமயம், கோடை விடுமுறையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என்னைத் தலைமையாசிரியையாக உயர்த்தியிருந்தார்கள். நான் துள்ளிக் குதிக்கவில்லை, ஏனென்றால் பள்ளிக்கூடம் மலை மேல் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர், அதில் பதினாலு கிலோமீட்டர் ஏற்றம், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். முதல் பேருந்து மேலே போய்ச் சேர பத்தே முக்கால் ஆகும். பள்ளிக்கூட மணி எட்டரைக்கு. பள்ளிக்குப் பின்னால் தலைமையாசிரியருக்கு என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கேயே தங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

கல்வி அதிகாரியை நேரில் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. முன்பு இருந்தவர் தினமும் கீழேயிருந்து வருகிறேன் என்று சொல்லி தினமும் தாமதமாக வந்தாராம். சாவி அவரிடம் என்பதால் சின்னப் பிள்ளைகள் பூட்டிய கேட்டுக்கு வெளியே பனியில் நின்றிருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு சலுகை கொடுத்தார். முதல் மாதம் நான் வீட்டிலிருந்து வந்து பார்க்கலாம். வருகைப் பதிவேட்டில் மூன்று முறை சிவப்புக் கோடு விழுந்தால், மறுபேச்சு இல்லாமல் குடியிருப்புக்கு மாறிவிட வேண்டும். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். என் வீட்டுக்காரர் ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவர், விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். நான் மேலே தங்கினால் வாரத்தில் ஐந்து இரவு அவளுக்கு அம்மா கிடையாது. நாத்தனார் வந்து துணைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "அப்ப இனிமே நீங்க சனி ஞாயிறு அம்மாவா?" என்று கேட்டாள். அழுது கேட்கவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். எப்படியாவது தினமும் வீட்டுக்கு வந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்களிடம் ஒரு கார் இருந்தது. முப்பது வயதைத் தாண்டிய கார், என் மாமனார் ஓட்டியது. புதிது வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஓட்டிப் பார்த்தேன். பதினாலாவது வளைவில் முக்கி முனகி நின்றுவிட்டது. பின்னால் உருளாமல் இருக்க என் வீட்டுக்காரர் இறங்கி ஓடி ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே வைத்தார். வீட்டுக்கு வந்து, பதினொரு வருஷச் சட்டத்தை நானே ரத்து செய்தேன். நாத்தனாரிடம் சாவியைக் கொடுத்து, "இது மலை ஏறணும்" என்றேன். வேறு எதுவும் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்கள் இருவர் பங்கிலும் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நாலு வாரம் அவள் அந்தக் காரோடு வாழ்ந்தாள். எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி லேத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவினாள். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தாள். புகை வெளியேறும் துவாரங்களைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினாள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்பரேட்டரைப் பெரிதாக ஒன்று போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை போகும் பழைய துருப்பிடித்த புகைக்குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டரை அங்குலத்தில் பளபளவென்று புதிதாக ஒன்று மாட்டினாள். முட்டைகூட உள்ளே போகும். அவளிடம் வரும் பையன்கள் எல்லோரும் கேட்பது அந்தக் குழாயைத்தான். புகை தடையில்லாமல் போனால் எஞ்சின் தடையில்லாமல் ஓடும் என்பது பட்டறை வேதம்.

வேலை முடிந்ததும் பையன்களில் ஒருவன் புறவழிச்சாலையில் அதை ஓட்டிக் காட்டினான். நாத்தனார் ஓரத்தில் நின்றாள், நானும் நின்றேன். என் மாமனாருடைய கார் உறுமிக்கொண்டு பறந்தது. பையன்கள் கை தட்டினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. மாமனார் உயிரோடு இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

பள்ளி திறக்கும் நாள் ஏழு மணிக்குக் கிளம்பினேன். தெருவே எழுந்துவிட்டது. சமதளத்தில் ராஜா மாதிரி போனது. ஏற்றம் தொடங்கியதும் சுணங்கியது. பழைய கார் பதினாலாவது வளைவு வரை வந்ததே, இது பதினொன்றிலேயே படுத்துவிட்டது. எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, நின்று நின்று மேலே போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பத்திரண்டு. கேட்டுக்கு வெளியே அறுபது பிள்ளைகள் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். என் கையாலேயே பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டேன். மறுநாள் ஆறரைக்கே கிளம்பினேன். அப்படியும் எட்டு நாற்பத்தொன்று. இரண்டாவது கோடு.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினேன். தையல் மெஷினிலிருந்து ஆரம்பித்தேன். உனக்கு வேகத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதா, ஊர் மெச்சினால் போதுமா, என் பிள்ளையின் விஷயத்திலா உன் வேடிக்கை என்றெல்லாம் கேட்டேன். அரைமணி நேரத்தில் அவள் சைக்கிளில் வந்து சமையலறை வாசலில் நின்றாள். கையில் எண்ணெய் அப்படியே இருந்தது.

"அண்ணி, வளைவுல எந்த கியர் போடுவீங்க?"

"ரெண்டு."

"எஞ்சின் கத்தும்போது என்ன பண்ணுவீங்க?"

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "காலை எடுத்துடுவேன். அதுக்கு வலிக்குமோன்னு இருக்கும்."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"தப்பு என்னுது அண்ணி. பசங்க ஓட்டற மாதிரி நினைச்சு செஞ்சுட்டேன். நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு கேக்கவே இல்ல."

அவள் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "நானும் சொல்லலையே" என்றேன்.

பிறகு உட்கார்ந்து விளக்கினாள். நான் கணக்கு டீச்சர், சொன்னால் புரியும். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் விடும்போது முனையில் விரலை வைத்து அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு தூரம் போகிறது. புகையும் அப்படித்தானாம். குறுகலான குழாயில் அது வேகமாக ஓடும், ஓடும்போது பின்னால் வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும், எஞ்சினுக்கு மூச்சு சுலபமாகும். அகலக் குழாயில் புகை மந்தமாக நகரும். எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும்போது நிறையப் புகை வருவதால் அகலக் குழாய் நல்லது. என்னைப் போல மெதுவாக, எஞ்சினைக் கத்தவிடாமல் ஓட்டுகிறவர்களுக்கு அது கேடு. பையன்களில் ஒருவன் ஓட்டியிருந்தால் அந்தக் கார் மலையை ஒரே மூச்சில் ஏறியிருக்கும். ஆனால் தலைமையாசிரியை அவன் இல்லையே.

அந்த வாரம் மிச்சமிருந்த மூன்று நாளும் பால் வண்டிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு என்னை மேலே கொண்டுபோய் விட்டார். அவர் விடியற்காலை நாலரைக்கே வருவார். மகள் எழுந்திருக்கும்போது நான் இருக்க மாட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு வேறு பக்கம் வேலை என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை என் கார் எட்டரைக்குள் மேலே போகாவிட்டால் மூன்றாவது கோடு. அப்புறம் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். நாத்தனார் கையில் ஒரு நோட்டு, காதில் பென்சில், தோளில் பை. பைக்குள் எலுமிச்சம்பழம் எட்டிப் பார்த்தது. எனக்குப் புரிவதற்குள் அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஸ்பானர் அக்கா காரில் ஏறியதை அவர்கள் யாரும் அதுவரை கண்டதில்லை.

"வேண்டாம்டி, எந்த வளைவுல என்ன ஆகுதுன்னு நானே எழுதிட்டு வர்றேன்" என்று அவள் காதுக்கருகில் சொன்னேன்.

"நீங்க ஓட்டறதை நான் பாக்கணும் அண்ணி. எப்பவும் போல ஓட்டுங்க. எனக்காக நல்லா ஓட்டாதீங்க."

எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றை எனக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் எந்த கியர், எத்தனை சுற்று, என் கால் எவ்வளவு அழுத்துகிறது, எங்கே எடுக்கிறேன் என்று எழுதினாள். மூன்றாவது வளைவில் எழுத்து கோணலாகிவிட்டது. நாலாவதில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி ஓரமாகப் போனாள். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "நாலாவதுல காலை முன்னாடியே எடுத்துட்டீங்க" என்றாள். அப்படி ஏழு இடத்தில் நிறுத்தினோம். கார் தானாக நின்ற இடங்கள் தனி. மேலே போனதும் இறங்கி, விட்டுப்போன வளைவுகளுக்காக இன்னொரு தடவை வேண்டும் என்றாள். நான் முடியாது என்று கத்தினேன். அவள் நோட்டில் ஐந்து கட்டங்கள் காலியாக இருப்பதைக் காட்டினாள். மறுபடி பாதிமலை இறங்கி மறுபடி ஏறினோம்.

பட்டறைக்குத் திரும்பியபோது அவள் முகம் சாம்பல் பூசியது போல இருந்தது. கதவைத் திறந்து, பையன்களின் கண்ணுக்கு முன்னாலேயே மஞ்சள் கோட்டின் மேல் வாந்தி எடுத்தாள். அத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் அந்த இடத்தில் போய்விட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. வெல்டர் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டருக்கு விடுமுறை. கூப்பிடாமலே வந்திருந்தார். நாத்தனார் பளபளக் குழாயை அறுத்து எறிந்தாள். எஞ்சின் தலைப்பகுதியில் செய்த வேலை இருக்கட்டும், அது எந்த வேகத்திலும் உதவும் என்றாள். எஞ்சினின் நாலு வாயிலிருந்தும் நாலு மெல்லிய குழாய்கள் புறப்பட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து, கடைசியில் ஒன்றரை அங்குலத்தில் ஒன்றாக வேண்டும். நாலும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். வாய்கள் வெவ்வேறு தூரத்தில் இருந்தன, ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு விதமாக வளைய வேண்டியிருந்தது. "அண்ணி, வளைவோட நீளத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது? நான் நூல் வெச்சு அளப்பேன், அது அரை அங்குலம் முன்னபின்ன வந்துடும்" என்று கேட்டாள். ஆரமும் கோணமும் தெரிந்தால் போதும் என்று சொல்லி, சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டினேன். கொட்டகைத் தரை முழுக்க என் கணக்கு நிறைந்தது.

குழாயை வளைக்கும்போது நசுங்காமல் இருக்க, உள்ளே காய்ந்த மணலை இறுக்கி அடைத்து, இரண்டு முனையையும் மூடி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைப்பார்கள். மணலில் ஈரம் துளி இருந்தாலும் நீராவியாகி வெடித்துவிடும். அதனால் தகரத்தில் மணலைப் போட்டு வறுக்கும் வேலை எனக்கு. தலைமையாசிரியையாகப் பதவி உயர்ந்த கையோடு மணல் வறுத்தேன். அவளுக்கும் எனக்கும் அன்று ஒரு சண்டைகூட வரவில்லை. சாயங்காலத்துக்குள் பழைய கார்பரேட்டரும் திரும்ப ஏறிவிட்டது. மேலே காற்று மெலிந்திருக்கும், அதற்கு ஏற்ப பெட்ரோலையும் குறைக்க வேண்டும் என்று, பெட்ரோல் வரும் ஊசித் துளையுள்ள பித்தளைத் துண்டை மட்டும் சின்னதாக மாற்றினாள். ஸ்டார்ட் செய்தபோது சத்தமே இல்லை. எனக்குச் சந்தேகமாக இருந்தது, அவளுக்கு இல்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் வெளியே வந்தபோது அவள் பையோடு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் வரச் சொல்லவில்லை. வழியில் ஏதாவது திருக வேண்டி வந்தால் உங்களுக்குத் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கார் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. பதிமூன்றைத் தாண்டியதும் முன்னால் ஒரு காய்கறி லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. பதினாலாவது வளைவில், சரியாக என் கார் முன்பு செத்த இடத்தில், அது ஏறக்குறைய நின்றுவிட்டது. நானும் ஏறக்குறைய நிற்க வேண்டியதாயிற்று. சக்கரம் உருளுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பாழாய்ப்போன லாரி என்று வாய்விட்டே திட்டினேன். பக்கத்து சீட்டிலிருந்து, தலையை உள்ளே இழுக்காமலே அவள் சொன்னாள்: "காலை எடுக்காதீங்க அண்ணி. அதுக்கு வலிக்காது."

லாரி நகர்ந்தது. மெல்ல அழுத்தினேன். எஞ்சின் கத்தவில்லை, இருமவில்லை. அடியிலிருந்து யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட்டது போல எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. பதினெட்டாவது வளைவு தாண்டும்போது என் கண்ணை நீர் மறைத்தது. எட்டு பதினேழுக்குக் கேட்டைத் திறந்தேன். பிள்ளைகள் இன்னும் பாதிப் பேர் வரவே இல்லை. அந்த மாதம் மூன்றாவது சிவப்புக் கோடு விழவே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாத்தனார் கேட்டுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். பேருந்தில் கீழே போய்விடுகிறேன் என்றாள். பத்தே முக்காலுக்குப் பேருந்து வந்து திரும்பியதை வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் படிக்கட்டு வரை போனாள், ஒரு காலைக்கூட வைத்தாள். பிறகு கண்டக்டரிடம் தலையை ஆட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாலையில் கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தாள். பதினாலு கிலோமீட்டர். நான் பலகையில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

மாலை நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் இறங்கினேன். கீழேயிருந்து மூன்றாவது வளைவில் அவளைப் பிடித்தேன். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். வழியில் டீக்கடை வாசலில் ஒருவருடைய வண்டி நின்றுபோயிருந்ததாம், அதைச் சரிசெய்து கொடுத்ததில் இரண்டு மணி நேரம் போய்விட்டதாம். கதவைத் திறந்து ஏறு என்றேன்.

"ஏறினா நாலு இடத்துல நிறுத்தணும். இருட்டறதுக்குள்ள நான் வந்துடுவேன். நீங்க போங்க அண்ணி, புள்ள வந்திருக்கும். அதுக்குத்தானே இவ்வளவும்."

வாக்குவாதத்தில் நான் அவளிடம் தோற்றதே இல்லை. அன்று வாதமே செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டில் மகள் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததற்குத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ரப்பர் எங்கேம்மா என்று மட்டும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரரிடம், உங்கள் தங்கச்சி வெறுங்காலோடு நடந்து வருகிறாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிரே போங்கள் என்று விரட்டினேன்.

ஆறரை மணிக்கு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். காரைப் பற்றி என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தவள், என் மகளைப் பார்த்ததும் பேச்சை அவள் பக்கம் திருப்பினாள்.

"அம்மா எத்தனை மணிக்கு வந்தாங்க கண்ணு?"

என் மகள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தாள். "தெரியல அத்தை. எப்பவும் போலத்தான்."

வளைவு வளைவாக வாந்தி எடுத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த வார்த்தையைக் கேட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. நான் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, இன்றைக்கு ராத்திரி என் பிள்ளை பக்கத்தில் நான் படுக்கிறேன் என்றால் அது உன்னால்தான், சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்பிட என்ன இருக்கு அண்ணி?" என்று கேட்டாள். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போய் அவளுக்குத் தட்டு வைத்தேன்.